அச்சமும் அடைக்கலமும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்தபோது அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் கணக்கிட்டுச் சொன்னார். வருத்தும் தெய்வம் ஒன்று, கொடிய விலங்கு மற்றொன்று, கள்வர் மூன்றாவது, ஆணை செலுத்தும் அரசன் நான்காவது. அக்கால மனிதன் அஞ்சுவதற்கு இந்நான்கும் போதியனவாக இருந்தன போலும்.

இன்றைய மனிதனின் அச்சங்களை இப்பட்டியலில் எங்கே சேர்ப்பது? நள்ளிரவில் ஒலிக்கும் தொலைபேசி, மருத்துவமனையிலிருந்து வரும் கடிதம், மாத முடிவில் கட்ட வேண்டிய வீட்டுக் கடன், மகனின் தேர்வு முடிவு, மகளின் திருமணம், மேலதிகாரியின் முகத்தில் தோன்றும் சிறு சுளிப்பு ஆகிய இவற்றைக் கண்டு நாம் நாள்தோறும் நடுங்குகிறோம். புலியைக் கண்ட மான் ஓடுகிறது. தப்பியபின் மீண்டும் புல் மேய்கிறது. மனிதனோ வந்துபோன புலிக்கும் அஞ்சுகிறான். வாராத புலிக்கும் அஞ்சுகிறான். கண்முன் நிற்கும் தீங்கிற்கு நடுங்குவதை அச்சம் என்போம். இன்னும் வாராத தீங்கை மனத்துள் அழைத்து வந்து, அதற்குப் பாய் விரித்து, இரவெல்லாம் அதனோடு விழித்திருப்பதைக் கவலை என்போம்.

இவ்விரண்டையும் வெல்ல வழி உண்டா? சமயங்கள் யாவும் உண்டு என்றே கூறுகின்றன. கிறித்தவ சமயம் கூறும் வழி யாது, அது நம் அன்றாட வாழ்வில் பயன்படுவதா, அல்லது துன்பத்தை மறைக்கும் இனிய சொல்மட்டுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன். எனினும் பிற சமயத்தாரான என் சக ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வாராய்ச்சியில் உடன் நடக்கலாம். கவலைக்குச் சமய வேறுபாடு தெரியாதல்லவா?

கவலை என்னும் சொல்

ஒரு மொழியின் சொல்லுக்குள் அம்மொழி பேசுவோரின் பட்டறிவு உறைந்து கிடக்கும். கவலை என்னும் சொல்லுக்கு மனத்துயர் என்பதோடு, பல கிளைகளாகப் பிரியும் வழி என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. கவர்த்தல் என்றால் கிளைத்துப் பிரிதல். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குச் செல்லும்போது, வழியில் எதிர்ப்பட்ட மறையோன் ஒருவன், முன்னே பாதை சூலத்தின் முனைபோல் மூன்றாகக் கவர்க்கும் என்று எச்சரிக்கிறான். அக்கவர்வழியில் நிற்பவன் கால் எந்தப் பக்கமும் நகராது. இடப்பக்கம் போனால் என்னவோ, வலப்பக்கம் போனால் என்னவோ என்று அவன் மனம் மட்டும் எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

கவலையுற்ற மனத்தின் நிலையும் இதுவே. கால் ஓரிடத்தில் நிற்க, மனம் நூறு வழிகளில் ஓடுகிறது. உணவுண்ணும்போது கடனை எண்ணுகிறோம். கடனைத் தீர்க்க உழைக்கும்போது நோயை எண்ணுகிறோம். நோய்க்கு மருந்துண்ணும்போது பிள்ளைகளை எண்ணுகிறோம். பிரிந்துபோன மனத்தை ஒருமுகப்படுத்துவது எப்படி? வள்ளுவர் தம் நூலின் முதல் அதிகாரத்திலேயே இதற்கு விடை தருகிறார். ஒப்புமை இல்லாத இறைவனின் திருவடியை அடைந்தவர்க்கன்றி மற்றவர்க்கு மனக்கவலையை மாற்றுதல் அரிது என்பது அவர் கருத்து. அதே வள்ளுவர், அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமலிருப்பதை அறியாமை என்றும் பிறிதோரிடத்தில் கூறுகிறார். ஆகவே, எல்லா அச்சத்தையும் துடைத்தெறிவது அறிவுடைமை ஆகாது. எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது, அஞ்சும்போது யாரிடம் செல்வது என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

மலைப்பொழிவு யாருக்குச் சொல்லப்பட்டது?

கவலையைப் பற்றி இயேசு பெருமான் கூறியவை மத்தேயு எழுதிய நற்செய்தியின் மலைப்பொழிவுப் பகுதியில் உள்ளன. வானத்துப் பறவைகளையும் காட்டு மலர்களையும் காட்டி, உணவுக்கும் உடைக்கும் கவலைப்படாதீர்கள் என்று அவர் அறிவுறுத்தினார். இதனைக் கேட்கும் நம்மிற் சிலர், வயிறு நிறைந்தவனுக்கு இது எளிது, வறியவனுக்கு இது பொருந்துமா என்று வினவுவர்.

அவர் யாரிடம் பேசினார் என்பதைக் கருத வேண்டும். கலிலேயாவின் மீனவரும், பிறர் நிலத்தில் உழுதவரும், அன்றன்று கூலி பெற்று அன்றன்று உண்டவருமே அவரைச் சூழ்ந்து நின்ற மக்கள். உரோமப் பேரரசின் வரிச்சுமை அவர்கள் தோள்மேல் இருந்தது. நாளைய உணவு உறுதியில்லாதவர்களிடமே அவர் நாளையைப் பற்றிப் பேசினார்.

மேலும், பறவைக்குத் துன்பமே வராது என்றும் அவர் சொல்லவில்லை. இன்று பூத்திருக்கும் புல் நாளை அடுப்பில் எரியும் என்று அவரே கூறுகிறார். குருவி தரையில் விழும் என்பதையும் பிறிதோரிடத்தில் குறிப்பிடுகிறார். ஆனால் அக்குருவி விழுவதும் தந்தையாம் கடவுளின் அறிவுக்கு அப்பாற்பட்டதன்று என்கிறார். ஒவ்வொரு நாளும் தனக்குரிய தொல்லையோடுதான் வரும். அந்நாளின் தொல்லை அந்நாளுக்குப் போதும் என்பதே அவர் அறிவுரையின் முடிவு. துன்பம் வாராது என்ற வாக்குறுதி இங்கு எங்கும் இல்லை. துன்பத்தில் தனித்துவிடப்பட மாட்டாய் என்ற உறுதி மட்டுமே உள்ளது. இவ்வேறுபாட்டை உணராதவர் நம்பிக்கையைக் காப்புறுதிப் பத்திரமாக எண்ணிப் பின்னர் ஏமாறுவர்.

இப்பாடத்தை நான் முதலில் கற்றது கோவிலில் அன்று. என் தாயார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து லயத்தின் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். மழை பெய்தால் மரம் நனையும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. ஐந்து பிள்ளைகளின் சோறு அவ்வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்தறியாத அவர் நெஞ்சில் சிலுவை அடையாளம் இட்டு, சிறு செபம் ஒன்று சொல்லிவிட்டு, பெரட்டுக்குப் புறப்படுவார். பாம்பு நடமாடும் இருட்டுப் பாதை அது. செபம் சொன்னவர் விளக்கையும் மறவாமல் எடுத்துக்கொள்வார். செபம் இருக்கும்போது விளக்கு எதற்கு என்று சிறுவனாகிய நான் ஒருநாள் கேட்டேன். “விளக்கக் கொடுத்ததும் அவருதான் தம்பி” என்றார் தாயார். நம்பிக்கைக்கும் முயற்சிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பின்னாளில் நான் படித்த நூல்கள் பல. அவற்றுள் எதுவும் அவ்விடையைவிடத் தெளிவாக எனக்கு விளக்கியதில்லை.

அஞ்சுவது பாவமா?

நம்பிக்கை உடையவன் அஞ்சலாமா என்பது அடுத்த கேள்வி. இது ஏட்டுக் கேள்வியாக எனக்கு வரவில்லை.

என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் இதயத்தில் துளை இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அந்நாள் நெருங்க நெருங்க என்னால் உண்ணவும் முடியவில்லை, உறங்கவும் முடியவில்லை. வகுப்பில் செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொல் அறுந்து நிற்பேன். நலம் விசாரிக்க வந்த ஒருவர், என்மேல் உண்மையான பரிவுள்ளவர்தாம், “நீங்கள் இவ்வளவு அஞ்சுவது உங்கள் நம்பிக்கைக் குறைவைக் காட்டுகிறது, முழுமையாக நம்பினால் அச்சம் வராது” என்றார். அன்றிரவு எனக்கு அச்சம் இரட்டிப்பாயிற்று. குழந்தைக்காக அஞ்சியவன், அஞ்சுவதற்காகவும் அஞ்சத் தொடங்கினேன். என் நம்பிக்கைக் குறைவே குழந்தையின் உயிருக்கு உலையாகிவிடுமோ என்று கலங்கினேன்.

அப்போது என் தாயார் முதுமையில் எங்களோடு இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: “பயமா இருந்தா, பயமா இருக்குன்னு ஆண்டவருகிட்டச் சொல்லு தம்பி. அவருகிட்டப் போயி எதுக்குப் பொய் சொல்லணும்?”

அச்சொல் என்னைக் கெத்சமனே தோட்டத்திற்கு அழைத்துச் சென்றது. தாம் கைது செய்யப்பட்ட இரவில் இயேசு பெருமான் அத்தோட்டத்தில் கலங்கினார். சாவு வரும் அளவிற்குத் தம் உள்ளம் துயருற்றிருப்பதாகச் சீடரிடம் மறைக்காமல் கூறினார். தம்மோடு விழித்திருக்குமாறு அவர்களை வேண்டினார். இத்துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலக்கூடுமோ என்று தந்தையிடம் கேட்டார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகள்போல் தரையில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். அச்சம் பாவமாயின், பாவமற்றவர் எனக் கிறித்தவர் போற்றும் அவர் எவ்வாறு அஞ்சியிருப்பார்? அவர் அச்சத்தை மறைக்கவில்லை. அதற்கு அடிபணியவும் இல்லை. அதனைத் தந்தையின் முன் கொண்டுபோய் வைத்தார். தம் விருப்பத்தைச் சொன்னார். பின்னர்த் தந்தையின் விருப்பத்திற்குத் தம்மை ஒப்படைத்து எழுந்து நடந்தார்.

அஞ்சுவது பாவமன்று என்று அன்று தெளிந்தேன். அச்சத்தை அரியணையில் அமர்த்தி, அது இட்ட ஆணைப்படி வாழ்வதே தவறு. அச்சம் நம் வீட்டிற்கு வரும் விருந்தாக இருக்கலாம்; வீட்டுத் தலைமையை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

அறுவை நன்கு முடிந்தது. என் மகள் பிழைத்தாள். இதனை நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டிக் கட்டுரையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் அது நேர்மையாகாது. அடுத்த கட்டிலில் இருந்த ஆண்குழந்தை பிழைக்கவில்லை. அக்குழந்தையின் தாயும் செபமாலை உருட்டியவர்தாம். என்னைவிடத் திடமாக நம்பியவர். மறுநாள் அவர் வந்து, தம் மகனுக்கென வாங்கித் திறவாமலிருந்த பால்மாவு டின்னை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நம்பியவர்க்கு நல்லதே நடக்கும் என்று எவரேனும் என்னிடம் கூறும்போதெல்லாம் அந்த டின் என் கண்முன் வந்து நிற்கிறது. நம்பிக்கையின் பயனை விளைவைக்கொண்டு அளக்க முடியாது. தன் நெஞ்சம் உடைந்த நாளில் பிறர் குழந்தைக்குப் பாலூட்ட எண்ணிய அத்தாயின் உள்ளத்தைக்கொண்டே அதனை அளக்க வேண்டும்.

கட்டப்பட்ட சிங்கங்கள்

தமிழாசிரியர்கள் நன்கறிந்த காப்பியம் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். 1894ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678ஆம் ஆண்டு வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி எழுந்தது. பனியனின் வாழ்வு நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. அவர் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்த எளிய மனிதர். அரசின் இசைவின்றிச் சமயச் சொற்பொழிவு செய்தார் என்று 1660ஆம் ஆண்டு சிறையிலிடப்பட்டு, 1672ஆம் ஆண்டு வரை பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார். இனிப் பேசமாட்டேன் என்று வாக்களித்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில் மனைவியும் நான்கு குழந்தைகளும் இருந்தனர். மூத்த மகள் பிறவிக்குருடு.

தம் ஆன்ம வரலாற்றை அவர் 1666ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அதில் வீரம் பேசவில்லை. தம் அச்சத்தையே பேசுகிறார். குடும்பத்தைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிரிப்பதுபோல் இருந்தது என்றும், பார்வையற்ற மகள் குளிரிலும் பசியிலும் பிறர் கையில் என்ன பாடுபடுவாளோ என்று எண்ணும்போது நெஞ்சு வெடித்துவிடும்போல் ஆயிற்று என்றும் எழுதுகிறார். அத்தகைய மனிதர் சிறையில் காலணிக் கயிறு முடைந்து குடும்பத்திற்குப் பொருள் ஈட்டிக்கொண்டே, பிள்ளைகளைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் கொள்கையில் நின்றார்.

அவருடைய பயணக் கதையில் ஒரு காட்சி வருகிறது. இரவு நேரம். பயணி தங்குவதற்கு ஒரு மாளிகை தெரிகிறது. அதற்குச் செல்லும் குறுகிய பாதையில் இரண்டு சிங்கங்கள் இருக்கின்றன. முன்னே சென்ற இருவர் அவற்றைக் கண்டு அஞ்சித் திரும்பி ஓடிவிட்டனர். பயணியும் தயங்குகிறான். மாளிகையின் வாயில் காப்போன் அவனை அழைத்து, சிங்கங்கள் சங்கிலியால் கட்டப்பட்டுள்ளன, நடுப்பாதையிலிருந்து விலகாமல் வா, தீங்கு நேராது என்கிறான். பயணி நடுங்கிக்கொண்டே நடக்கிறான். சிங்கத்தின் முழக்கம் காதில் விழுகிறது; ஆனால் அவை அவனைத் தீண்டவில்லை.

இக்காட்சியில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. சிங்கங்கள் பொய்யல்ல, அவை மெய்யாகவே முழங்குகின்றன. அவன் நடுக்கமும் நீங்கவில்லை, நடுங்கியவாறே நடந்தான். இருளில் அவனுக்குச் சங்கிலி தெரியவில்லை. சங்கிலி உண்டு என்று சொன்ன குரலை நம்பியே அவன் அடியெடுத்து வைத்தான். நம்பிக்கை என்பது நடுக்கமற்ற நெஞ்சின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடுங்கும் காலை நடுப்பாதையில் வைக்கும் துணிவே நம்பிக்கை.

பாப்பானில் ஒரு தாய்

நம் மண்ணிலேயே இத்துணிவுக்குச் சான்று உண்டு. சிபில் கார்த்திகேசு அம்மையார் தாதித்தொழில் கற்றவர். ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உடையவர். அவருடைய கணவர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர். ஈப்போவில் மருந்தகம் நடத்திய அவர்கள், ஜப்பானியப் படையெடுப்பின்போது அருகிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்ததோடு, காட்டிலிருந்து இரவில் வந்த எதிர்ப்புப் படையினரின் காயங்களுக்கும் அம்மையார் மறைவாக மருந்திட்டார். வானொலிப் பெட்டியொன்றை ஒளித்துவைத்து வெளியுலகச் செய்திகளையும் கேட்டு வந்தார்.

1943ஆம் ஆண்டு ஜப்பானிய இராணுவக் காவல் படையினர் அவரைக் கைது செய்து கொடுமைப்படுத்தினர். அவர் வாய் திறக்கவில்லை. முடிவில், அவருடைய இளைய மகளாகிய சிறுமியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, படையினரைக் காட்டிக்கொடு, இல்லையேல் இவளை எரிப்போம் என்று மிரட்டினர். ஒரு தாய்க்கு இதனினும் பெரிய அச்சம் உலகில் இல்லை. அவர் பேசியிருந்தால் பலரின் உயிர் போயிருக்கும். அவர் பேசவில்லை. அதிகாரி ஒருவர் குறுக்கிட்டதால் சிறுமி பிழைத்தாள். போர் முடிந்து விடுதலை பெற்ற அம்மையாருக்குப் பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. சிறையில் பட்ட காயங்களிலிருந்து மீளாமல் 1948ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய வரலாற்றை அவரே கூறும் நூல் 1954ஆம் ஆண்டு வெளிவந்தது.

இத்தகைய வீரம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எல்லாரிடமும் கேட்கப்படுவதும் இல்லை. ஆயினும் அன்றாட வாழ்விற்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. பெரிய சோதனை வந்த அன்று காலையில் அவர் புதிதாக நம்பிக்கையைத் தேடிக்கொள்ளவில்லை. பல்லாண்டுகளாக நாள்தோறும் சொன்ன செபமும், இரவில் தட்டிய கதவுகளைத் திறந்து திறந்து பழகிய கையும் அவருள் உரமாகச் சேர்ந்திருந்தன. சிறிய அச்சங்களை நாம் எவ்வாறு எதிர்கொள்கிறோமோ அவ்வாறே பெரிய அச்சங்களையும் எதிர்கொள்வோம்.

இது வெறும் மயக்கமா?

அறிவுலகம் எழுப்பும் மறுப்பு ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உளவியலறிஞர் சிக்மண்ட் பிராய்டு 1927ஆம் ஆண்டு எழுதிய நூலில், உலகின் கொடுமைக்கு அஞ்சும் மனிதன் தன்னைக் காக்கும் தந்தை ஒருவரை விரும்புகிறான், அவ்விருப்பமே கடவுள் நம்பிக்கையாக உருவெடுக்கிறது என்று வாதிட்டார். இம்மறுப்பை எள்ளி நகையாடிவிட முடியாது. நம்முடைய வேண்டுதல்கள் பலவற்றை உற்று நோக்கினால் அவர் கூறியதில் உண்மை இருப்பது விளங்கும்.

எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மனிதன் தன் விருப்பத்தால் ஒரு தந்தையைப் படைத்துக்கொள்வானாயின், தன்னைத் துன்பத்திலிருந்து முற்றும் விலக்கிவைக்கும் தந்தையையே படைப்பான். தன் சொந்த மகனையே சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த தந்தையை எவன் விருப்பம் படைக்கும்? பின்வருவோரும் தத்தம் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்று கூறும் சமயத்தை எந்த ஆசை கண்டுபிடிக்கும்? இது கடவுள் உண்மைக்கு மெய்ப்பாகாது என்பதை நான் அறிவேன். ஆனால் கிறித்தவ நம்பிக்கை மனம் விரும்பியதை மனத்திற்கே திருப்பித் தரும் கண்ணாடி அன்று என்பதை இது காட்டுகிறது.

வேறு வழியும் உண்டு என்பர் சிலர். அடிமையாக வாழ்ந்து பின் மெய்யறிவு கற்பித்த எபிக்டீட்டஸ், நம் ஆற்றலுக்கு உட்பட்டவை இவை, உட்படாதவை இவை என்று பிரித்துணர்ந்து, உட்படாதவற்றில் பற்று வையாதிரு என்றார். இது உயர்ந்த அறிவுரையே. ஆனால் மகளின் உயிர் என் ஆற்றலுக்கு உட்பட்டதன்று. அதற்காக அவள்மீது வைத்த பற்றை நான் விட முடியுமா? இயேசு பெருமான் தம் நண்பர் லாசரின் கல்லறைமுன் அழுதார். பற்றைத் துறந்து அச்சத்தை வெல்லுமாறு அவர் கூறவில்லை. நீ நேசிப்பவரை உன்னைவிடப் பெரிய அன்பிடம் ஒப்படை என்றே கூறினார்.

என் மாணவி ஒருத்தி இதனை எனக்கு உணர்த்தினாள். தொடக்கப்பள்ளி மாணவர்க்கான யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், தேர்வு நெருங்கிய வேளையில், உங்கள் அச்சம் யாது என்று ஒரு தாளில் எழுதுமாறு ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கூறினேன். பலர் கணிதம் என்று எழுதினர். ஒரு சிறுமி மட்டும், ஏழு பாடங்களிலும் ஏ கிடைக்காவிட்டால் அம்மா அழுவார் என்று எழுதியிருந்தாள். அவளுடைய அச்சம் தேர்வைப் பற்றியதாகத் தோன்றினும் அதன் வேர் தாயன்பில் இருந்தது. நம் கவலைகளைச் சற்றுத் தோண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அன்பு இருக்கும். கவலை என்பது தனித்துவிடப்பட்ட அன்பு. அன்பை வெட்டாமல் அதன் தனிமையை நீக்குவதே நம்பிக்கையின் பணி.

நாள்தோறும் செய்யத்தக்கவை

நம்பிக்கையை அன்றாட வாழ்வில் எவ்வாறு பழகுவது? மூன்று பயிற்சிகளைக் கூறலாம்.

முதலாவது, இன்றைக்கு வாழ்தல். பாலைநிலத்தில் இசுரவேல் மக்களுக்கு மன்னா என்னும் உணவு நாள்தோறும் வழங்கப்பட்டது. அஞ்சி மறுநாளைக்குச் சேர்த்து வைத்தவர்களின் உணவில் புழு வைத்தது. இயேசு கற்பித்த செபத்திலும் அன்றாட உணவே கேட்கப்படுகிறது. திட்டமிடுதலை இது தடுக்கவில்லை. நாளைக்காகத் திட்டமிடலாம், நாளையின் துன்பத்தை இன்றே சுமக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, அச்சத்தைப் பெயர் சொல்லிக் கூறுதல். சிறையிலிருந்து பிலிப்பியருக்கு மடல் எழுதிய பவுலடியார், கவலைக்கு மாற்றாகச் செபத்தைக் கூறும்போது, வேண்டுகோளை நன்றியோடு சொல்லுங்கள் என்கிறார். எனக்கு ஏதோ கவலையாக இருக்கிறது என்பது செபமாகாது. இந்தக் கடனுக்கு அஞ்சுகிறேன், இந்த நோய்க்கு அஞ்சுகிறேன் என்று தெளிவாகச் சொல்லும்போதே பாதி இருள் விலகும். பெற்றவற்றை எண்ணி நன்றி கூறும்போது, இதுவரை காத்த கை இனியும் காக்கும் என்ற நினைவு எழும்.

மூன்றாவது, பிறர் சுமையைத் தாங்குதல். அதே பவுலடியார் திருச்சபைகள் அனைத்தையும் பற்றிய அக்கறை தம்மை நாள்தோறும் அழுத்துவதாகவும் எழுதுகிறார். கவலைப்படாதே என்றவர் அக்கறையற்றவராக வாழவில்லை. கவலை தன்னைச் சுற்றியே வரும். அக்கறை பிறரை நோக்கிச் செல்லும். பால்மாவு டின்னைக் கொண்டுவந்த தாய் இவ்வேறுபாட்டை எனக்குக் கற்பித்தார்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. சிலருடைய அச்சம் உடலையும் மூளையையும் பற்றிய நோயாகவே அமைந்துவிடுகிறது. காரணமின்றி நெஞ்சு படபடத்தல், வாரக்கணக்கில் உறக்கமின்மை, வாழ்வில் பிடிப்பின்மை ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரை நாட வேண்டும். அத்தகையவரிடம் நம்பிக்கை போதாது என்று கூறுவது, காலொடிந்தவனிடம் நடக்க விருப்பமில்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும். பவுலடியாரின் அன்பிற்குரிய தோழராகிய லூக்கா ஒரு மருத்துவர் என்பதை மறத்தல் கூடாது. விளக்கைக் கொடுத்தவரும் அவரே என்ற என் தாயாரின் சொல் மருந்துக்கும் பொருந்தும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வகுப்பறைகளில் ஒவ்வொரு நாளும் அஞ்சும் உள்ளங்கள் நம்முன் அமர்ந்திருக்கின்றன. அவர்களிடம் பயப்படாதே என்று அதட்டுவதால் பயன் இல்லை. எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்போம். கேட்டபின் அருகில் இருப்போம். கெத்சமனேயில் இயேசு பெருமான் சீடரிடம் கேட்டது அறிவுரையன்று. தம்மோடு விழித்திருக்கும் துணையையே கேட்டார். அவர்கள் உறங்கிவிட்டனர். நாமேனும் உறங்காதிருப்போம்.

என் தாயார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவர் நடந்த தோட்டத்துப் பாதையில் இன்று வீடுகள் எழுந்துவிட்டன. இருந்தும், கவலை மிகுந்த இரவுகளில் அவ்விடியற்காலை என் நினைவில் வருகிறது. வானம் கறுத்திருக்கிறது; மழை வருமா, வாராதா என்று தெரியவில்லை. அவர் சிலுவை அடையாளம் இடுகிறார். விளக்கை எடுக்கிறார். வாசற்படி இறங்கி நடக்கிறார். அச்சத்தை வென்றார் என்று அவரைப் பற்றி நான் சொல்லமாட்டேன். அச்சத்தோடு நடந்தார்; ஆனால் அவர் தனியே நடக்கவில்லை.